‘வராண்டாம்’ என்று ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிளை அஞ்சலகம் நடத்தி 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். 1976-ல் வேலையில் சேர்ந்தபோது ‘இ.டி. போஸ்ட் மாஸ்டர்’, அதாவது இலாகாவின் நிரந்தர ஊழியர் அல்லாத போஸ்ட் மாஸ்டர், என்பார்கள். பிற்பாடு பெயர் மாறியது, வேலை மாறவில்லை. என் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். பையைப் பிரிப்பது, முத்திரை குத்துவது, பட்டுவாடா எல்லாம் நானே. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், பதில் எழுதிக் கொடுப்பதும் அரசாங்கம் சொல்லாத வேலைகள். நாளின் பாதி அதிலேயே போகும்.

2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அதையொட்டி, கடிதம் எழுதும் காலமே போய்விட்டதே என்று வருந்திப் பலர் எழுதுகிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் எழுதுவது எங்கே நின்றது? முன்பு மாதத்துக்கு ஒரு கடிதம் போட்ட குடும்பங்கள் இன்று ஒரே நாளில் போனில் நாற்பது ஐம்பது வரி எழுதுகின்றன. எழுதிய வரி அந்தப் பக்கம் போய் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிற பழக்கம் போய்விட்டதே, அதுதான் எனக்குக் கவலை. இதை ஊருக்குப் புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பழக்கம் இல்லாமல் நான் செய்த ஒரு தவறால் ஒரு குடும்பம் பதினைந்து மாதம் அவதிப்பட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் ஊரில் ஆற்றை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த மூன்றாம் நாள் மேலத்தெருத் தங்கச்சி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் ஒரே ஈரக் காகிதம். நீல நிற இன்லண்டு, கார்டு, மணியார்டர் கூப்பன் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் மாதிரி இருந்தது. அவருடைய கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. இருவரும் மாறி மாறி எழுதிக்கொண்டதெல்லாம் கணவரின் டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது.

“ஆதாரு, ரேசன் கார்டெல்லாம் கேட்டா மறுபடி குடுத்திருவாக அண்ணாச்சி. இத யாரு குடுப்பா? எப்படியாச்சும் காயவச்சுத் தாங்க” என்றார்.

காகிதத்தோடே வாழ்ந்தவன் என்பதால் அதன் குணம் கொஞ்சம் தெரியும். வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கிவிடும். உங்கள் நாளிதழின் பழைய தாள்களை விரித்து, ஒவ்வொரு இன்லண்டாகக் கத்தி முனையால் பிரித்து, நடுவில் வைத்து, மேலே பலகையும் அம்மிக்குழவியும் ஏற்றினேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாள் மாற்ற வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் அவர் பீடி சுற்றும் சுளவிலேயே, அதாவது முறத்திலேயே, பரப்பி நிழலில் வைத்தேன். இங்கிப் பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து நீலப் படலமாகிவிட்டது. பால்பாயின்ட் எழுத்து நின்றது. பென்சில் எழுத்து அசையவே இல்லை.

நாலாம் நாள் பிரித்த இன்லண்டு ஒன்றில் என் கையெழுத்து இருந்தது. 1983, பங்குனி மாதம் எழுதியது. நாற்பது வருடம் கழித்தும் ஒரு எழுத்து அழியவில்லை.

அந்தத் தங்கச்சியின் கணவர் அப்போது பம்பாயில் தாராவியில் இருந்தார். நம் சீமையிலிருந்து தாராவிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. முந்திய வருடமே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணவர் வரவில்லை. பீடி இலை வெட்டிய கையோடு ஓடி வந்து தங்கச்சி என் முன்னால் உட்கார்ந்தார். இடுப்பில் பிள்ளை.

“அவுக வராண்டாம்னு எழுதுங்க அண்ணாச்சி. கொடைக்கும் வராண்டாம், பொங்கலுக்கும் வராண்டாம். அங்கனயே இருக்கட்டும்.”

சொல்லும்போது சேலை முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. வாயோரம் ஒரு சிரிப்பும் இருந்தது. நம் ஊரில் பொம்பளைகள் புருசனை ‘வராண்டாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த ரயிலைப் பிடித்து வா என்று அர்த்தம்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நல்ல தமிழில் கடிதம் எழுதுகிறவன் என்று சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் பெருமையும் இருந்தது. ‘நலம். நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, ‘இப்பவும்’ போட்டு, அழகாக இப்படி எழுதினேன்: ‘தாங்கள் கொடைக்கு வர வேண்டாம். பொங்கலுக்கும் வர வேண்டாம். அங்கேயே இருந்துகொள்ளவும்.’ வாசித்துக்கூடக் காட்டவில்லை. மடித்து ஒட்டி, முத்திரை குத்திப் பையில் போட்டுவிட்டேன்.

கொடைக்கு அவர் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

மணியார்டர் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. பழைய மணியார்டர் பாரத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அடியில் கிழித்துக் கொடுக்கிற கூப்பனில் சேதி எழுத இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கும். அதற்கு முன்னால் அவர் அனுப்பிய கூப்பன்களில் ஏதாவது ஒரு வரி இருக்கும். ‘அம்மைக்கு மருந்து வாங்கு. நீ பால் வாங்கிக் குடி.’ அந்தத் தங்கச்சி ரூபாயை எண்ண மாட்டார். முதல் கேள்வியே, “அடியில என்ன எழுதியிருக்காக?” என்பதுதான். பங்குனிக் கடிதத்துக்குப் பிறகு வந்த கூப்பன்களில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“அடியில ஒண்ணும் இல்லியா அண்ணாச்சி?”

“இல்லம்மா.”

பதினைந்து மாதம், பதினைந்து தடவை. ஒன்றும் இல்லை என்று நான்தான் சொன்னேன். அதற்குக் காரணமும் நானே என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

1984 ஆனியில் கணவருடைய தகப்பனார் இறந்து தந்தி கொடுத்தோம். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் கழிந்த மறுநாள் என் ஆபீசுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்டை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகள் எல்லாம் தேய்ந்து, நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அத்தனை தடவை விரித்து மடித்திருக்கிறார்.

“இது அவ சொன்னதா, நீங்களா எழுதுனதா?”

“அவ சொன்னதுதான்” என்றேன். அது உண்மை.

“அவ வாயால சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டி ஏறியிருப்பேன் அண்ணாச்சி. இது என்னமோ வக்கீல் நோட்டீசு மாதிரில்லா இருக்கு. பன்னெண்டு பேரு படுக்கிற ரூம்புல யாருட்ட கேக்க?”

அவர் சண்டை போடவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தங்கச்சி சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. முந்தியைக் கடித்ததையும், கண் கலங்கியதையும், அந்தச் சிரிப்பையும் தாளில் ஏற்ற முடியாமல் போனது. போதாததற்கு, பேச்சை நல்ல தமிழாக்கி மிச்சம் இருந்த சூட்டையும் ஆற்றிவிட்டேன். ‘வராண்டாம்’ என்பதை அப்படியே ‘வராண்டாம்’ என்று எழுதியிருந்தால்கூட அவருக்கு அவள் குரல் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதுவது, எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுவது, ‘இத அவரு தனியா உக்காந்து வாசிச்சா என்ன நெனைப்பாரு?’ என்று கேட்பது. அந்தக் கேள்விக்குப் பிறகு அநேகமாக எல்லாருமே ஒரு வரி கூட்டச் சொல்வார்கள், அல்லது ஒரு வரியை அடிக்கச் சொல்வார்கள்.

தாளைப் பார்த்தே மனசு என்ன பாடுபடும் என்பதற்கு அந்தக் காலத்து வீடுகளே சாட்சி. நாலு மூலையில் மஞ்சள் தடவிய கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடு சிரிக்கும். கருமாதிக் கடிதத்தை வாசலுக்கு உள்ளே கொண்டுவர மாட்டார்கள். வெளியிலேயே வாசித்துக் கிழித்துப் போடுவார்கள். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே ஒப்பாரி தொடங்கிவிடும். கீழத்தெருவில் ஒரு வீட்டில் பெண்கள் மாரில் அடித்து அழுது முடித்த பிறகுதான், மகனுக்கு வேலை கிடைத்த தந்தி அது என்று தெரிந்தது. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-ல் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு வருடங்களில் நம் பக்கமும் அறிவொளி வந்தது. அப்போது நம் மாவட்டத்தின் பெயர் திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம். எங்கள் ஊரில் ராத்திரி எட்டு மணிக்குமேல் சத்துணவுக்கூடத் திண்ணையில் வகுப்பு. பகலெல்லாம் பீடி சுற்றிய பெண்கள், இலை வெட்டிய கத்தரிக்கோல் தழும்போடு பென்சில் பிடித்தார்கள். மேலத்தெருத் தங்கச்சியும் வந்தார். அப்போது அவருக்கு முப்பது தாண்டியிருக்கும். கணவர் மறுபடியும் பம்பாயில்தான் இருந்தார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் ஒரு இன்லண்டை நீட்டினார். “விலாசம் மட்டும் நீங்க எழுதுங்க அண்ணாச்சி. உள்ள நானே எழுதிட்டேன்.” ஒட்டவில்லை. பார்க்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். வெள்ளத்தில் நனைந்து வந்த கடிதக் கட்டுக்குள் அதுவும் இருந்தது. பென்சில் எழுத்து என்பதால் பிழைத்துக்கொண்டது. ஆகவே நினைவிலிருந்து இல்லாமல், அதைப் பார்த்தே, அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்:

‘நான் நல்லாருக்கேன். ஆடு ரண்டு குட்டி போட்டுருக்கு. ஒன்னு கருப்பு ஒன்னு செவல. மச்சு ஒளுவுது. நீங்க வாங்க. இது நான் எளுதுனது.’

அன்றைக்கு அதைத் திருத்திக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் பேனா மூடியைக் கழற்றினேன். பிறகு மூடிவிட்டேன். 1983 கண் முன்னால் வந்தது. விலாசத்தை மட்டும் எழுதி முத்திரை குத்தினேன்.

அடுத்த மாதம் வந்த மணியார்டர் கூப்பனில், ‘குட்டிய விக்காத. வாரேன்’ என்று இருந்தது. அதை நான் வாசித்துக் காட்டவில்லை. அவரே எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, ரூபாயை என் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எழுதக் கற்றதால் அந்தப் பெண்ணுக்குள் வந்த மாற்றம் கடிதத்தோடு நிற்கவில்லை. பீடிக்கடையில் பாஸ் புத்தகம் என்று ஒன்று உண்டு. எவ்வளவு இலை, எவ்வளவு தூள் கொடுத்தது, எத்தனை பீடி வந்தது, கழிவு எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை எழுதுவார். கூலிக்கும் பி.எஃப்.புக்கும் அதுதான் ஆதாரம். அதுவரை அவர்கள் போட்டதுதான் கணக்கு. இந்தத் தங்கச்சி மகனுடைய பழைய நோட்டில் பின்பக்கத்திலிருந்து தினமும் தானும் எழுதத் தொடங்கினார். தேதி, இலை, தூள், சுற்றியது, தள்ளியது, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஆயிரத்து இருநூறு பீடி கடைக் கணக்கில் குறைந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சத்தம் போடவில்லை. “இந்தத் தேதிக்கு எனக்கு இவ்வளவு வருது, உங்களுக்கு எவ்வளவு வருது?” என்று கேட்டார். கணக்கைத் திருத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதினாராம். எழுதினால் வாசிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் கை நேராகிவிட்டது. அந்தத் தெருவில் ஒன்பது பெண்கள் நோட்டுப் போட்டார்கள்.

அதே பீடி வட்டத்தில் நாளிதழ் வாசிப்பதும் நடக்கும். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் சுற்றுவார்கள். வாசிப்பவளுக்கு நஷ்டம் வராதபடி ஆளுக்கு ஒரு கட்டு சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு செய்தியை வாசித்துக்கொண்டிருந்த பெண், ‘ஓடிப்போன இளம்பெண்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். அந்த வாரம்தான் அந்த வட்டத்தில் இருந்த ஒரு தாயின் மகள், தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். செய்தி வேறு யாரையோ பற்றியது. ஆனாலும் அந்தத் தாய் சுளவைத் தட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். ‘விரும்பியவரை மணந்த பெண்’ என்று எழுதியிருந்தாலும் சேதி அதேதான். ஆசிரியர் குழுவில் இருக்கிறவர்கள் தலைப்பு வைக்கும்போது அதை வாசிக்கிற வாயையும், கேட்கிற காதையும் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது அரசு அலுவலகக் கடிதங்களைப் பற்றி. ஓய்வுக்குப் பிறகு, கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. சில திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் துணைக்குப் போவேன். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது: ‘தங்களது மனு பரிசீலிக்கப்பட்டு, ஏற்க இயலாத நிலையில் நிராகரிக்கப்படுகிறது.’ பாட்டி அதைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் வாசிக்கச் சொன்னார். நானே இரண்டு தடவை வாசித்தேன். “ஏற்கெனவே வாசிச்சேனே பாட்டி” என்றதற்கு, “வேற யாராச்சும் வாசிச்சா வேற மாதிரி வருமோன்னு பாத்தேன்” என்றார்.

நேரில் போய் விசாரித்தால் ஆதாரில் வயது தப்பாகப் பதிவாகியிருந்தது. அவ்வளவுதான் காரணம். திருத்தியதும் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தில் இன்னும் ஒரு வரி, ‘ஆதாரில் வயதைத் திருத்திக்கொண்டு மறுபடி மனு கொடுக்கவும்’ என்று இருந்திருந்தால் ஒரு கிழவி தன்னை அரசாங்கம் தள்ளிவிட்டது என்று அத்தனை நாள் அழுதிருக்க வேண்டாம். எழுதிய அலுவலர் கெட்டவராக இருக்க மாட்டார். என்னை மாதிரித்தான், வழக்கமான வாசகத்தைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பார். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-ல். எழுத்து தமிழில்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியது அதில் இருக்க வேண்டாமா? நிராகரிக்கிற கடிதம் ஒவ்வொன்றிலும் ஏன் என்று ஒரு வரியும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதற்கு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், காசு செலவில்லை.

சொந்த விஷயம் ஒன்றையும் எழுதுகிறேன். போன வருடம் என் மனைவி இறந்துவிட்டாள். போனில் நூற்றுக்குமேல் இரங்கல் வந்தது. பெரும்பாலும் ஒரே படம், மெழுகுவர்த்தியும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற சொல்லும். அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை, நினைத்தார்களே, அதுவே பெரிது. ஆனால் பத்தாம் நாள் ஒரு கார்டு வந்தது. 50 காசுக் கார்டு. எனக்குத் தபால் பை கொண்டுவந்து கொடுத்த பழைய சக ஊழியர் எழுதியது. ‘உங்க வீட்டம்மா எனக்குப் பதினோரு வருசம் மத்தியானம் மோர் குடுத்தாக. உப்பு சரியா இருக்கான்னு தினமும் கேட்பாக. இப்ப நெனச்சாலும் தொண்டை அடைக்குது.’ அவ்வளவுதான் கார்டு. அதை வாசித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை. அந்த மோர் விஷயம் எனக்கே தெரியாது. நான் அந்நேரம் பட்டுவாடாவுக்குப் போயிருப்பேன். என் மனைவியைப் பற்றி, அவள் போன பிறகு, எனக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது அந்தக் கார்டு.

கார்டின் மதிப்பு நெல்லைக்காரர்களுக்குப் புதிதில்லை. ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணனும் திருநெல்வேலி தி.க.சி.யும், இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள், புதிதாக எழுத வந்த பிள்ளைகளுக்குக் கார்டு போட்டே தைரியம் கொடுத்தவர்கள். பெரிய கட்டுரை எழுதுகிற கை இரண்டு வரிக் கார்டையும் சின்னதாக நினைக்கவில்லை.

பேத்தி மனநலப் படிப்பு படிக்கிறாள். ராத்திரி தூக்கம் வராமல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஆச்சியப் பத்தி எழுதுங்க. தினமும் பதினஞ்சு நிமிசம். யாருக்கும் காட்டாண்டாம்” என்றாள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எனக்கு விளக்கினாள். கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்களாம். சிலரை மேம்போக்கான விஷயங்களை எழுதச் சொன்னார்கள், சிலரை மனசைப் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய கையோடு முன்னைவிட மனம் சோர்ந்துதான் இருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் டாக்டரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

முதலில் அது தெரியாமல் தொடங்கியிருந்தால் இரண்டாம் நாளே நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். அவ்வளவு வலித்தது. அவளுக்குக் கடைசி மூன்று மாதம் சோறு ஊட்டியதை எழுதினேன். அதற்கு முந்திய நாற்பது வருடம் அவள் ஊட்டாத குறையாகப் போட்ட சோற்றை ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னேனா என்று எழுதினேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் பதினைந்து நிமிடம் அரை மணியாகிவிட்டது, அப்புறம் அப்படியே தூங்கியும் விட்டேன். நாற்பத்து மூன்று வருடம் ஊரார் கடிதத்தை எழுதினேன். பெண்கள் அழுதுகொண்டே சொல்லும்போது, “அழுகைய நிப்பாட்டிட்டுச் சொல்லும்மா, எழுதணும்லா” என்பேன். அழ அழச் சொல்லவிட்டு எழுதியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

உங்களிடம் இன்னொரு விண்ணப்பம். வாசகர் கடிதங்களைச் சுருக்கும்போது, திருத்தும்போது, எழுதியவர் பேச்சு ஒன்றிரண்டு இடத்தில் தெரிந்தால் அதை அடித்துவிடாதீர்கள். பிழையைத் திருத்துங்கள், சரி. ஆனால் கோவில்பட்டிக்காரர் கடிதமும் வள்ளியூர்க்காரர் கடிதமும் ஒரே ஆள் எழுதிய மாதிரி ஆகிவிட வேண்டாம். இந்தக் கடிதம் நீளமாகிவிட்டது, தெரியும். வெட்ட வேண்டியிருந்தால் என்னைப் பற்றியதை வெட்டுங்கள், ஆட்டுக்குட்டிக் கடிதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கடிதங்கள் காய்ந்து முடிய இருபது நாள் ஆனது. மொத்தம் நூற்றுப் பதினாறு. அதில் அறுபதுக்குமேல் வாசிக்க முடிகிறது. தேதி வாரியாக அடுக்கி, துணியில் கட்டி, மேலத்தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது, “ஒன்னே ஒன்ன மட்டும் நான் வச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டு, அந்த 1983 இன்லண்டைக் காட்டினேன். அதை அந்தக் கட்டுக்குள் விட்டு வைக்க எனக்கு மனசில்லை.

தங்கச்சி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தார். அவர் அதை வாசிப்பது அதுதான் முதல் தடவை.

“இவ்வளவு நல்லாவா நான் சொன்னேன்?” என்றார். பிறகு மடித்து, கட்டுக்கு உள்ளேயே வைத்துவிட்டார். “இருக்கட்டும் அண்ணாச்சி. அவுக இத்தன வருசம் வச்சிருந்தாகள்லா.”

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை அஞ்சலக அலுவலர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.